இசைப்புலவர் கோபாலகிருஷ்ண பாரதியார்

இசைப்பா இயற்றுவோர்க்கு இடர்கள் இரண்டு உண்டு. எல்லாப் பாடல்களையும் ஒரே வார்ப்பில் வார்த்துவிடுதல் ஒன்று. புதுமையை நாடிப் பிறர் பாணிகளை மாறிமாறி மேற்கொண்டு, தமக்கென ஒரு பாணி இல்லாது போதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் தப்பி, பாட்டுத்தோறும் புதுமை காட்டியும் எப்பாட்டிலும் தாமே விளங்கியும் நின்றவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் வரலாறு இசை பயிலும் மாணவர்க்கும் தமிழ் பயிலும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படுவதாகும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகபட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரில், இராமசாமி பாரதியாரின் மைந்தராக அவர் தோன்றினார். இசை அவருக்குக் குடிவழி வந்த செல்வம். மாயூரத்தில் கோவிந்த யதி என்னும் துறவியாரிடம் வேதாந்தம் கற்றார். இராமதாசர் என்னும் வித்துவானிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றார். ஆனந்ததாண்டவபுரத்து அண்ணுவையர் அவரை ஆதரித்தார். பாரதியாரோ மணஞ்செய்யாது, எளிய வாழ்வு வாழ்ந்து, தில்லைக் கூத்தனையே சிந்தித்திருந்தார்.

திருவையாற்றில் தியாகராச சுவாமிகளை அவர் கண்டமை பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. சுவாமிகளின் மாணாக்கர் ஆபோகி இராகத்திலே கீர்த்தனை ஒன்று பாடிக்கொண்டிருந்தனர். அவ்விராகத்தில் தாங்கள் ஏதேனும் செய்ததுண்டோ என்று சுவாமிகள் பாரதியாரை வினவினார். பாரதியார் அன்று விடையிறுத்திலர். மறுநாள், சபாபதியின் பெருமையைக் கூறும் புதிய கீர்த்தனை ஒன்றை ஆபோகியிலேயே இயற்றி வந்து பாடினார், சுவாமிகளும் மகிழ்ந்தார். கேட்ட இராகம் பெரியவருடையது. பிறந்த பாட்டு பாரதியாருடையது. சொல் எளிய தமிழ்; பொருள் தில்லை; நடை அவருக்கே உரியது. கற்றுக்கொள்ளுதல் வேறு, பார்த்தெழுதுதல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவர் புகழுக்கு நிலைக்களமாயது நந்தனார் சரித்திரமே. சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் வரலாற்றை 37 பாடல்களில் அமைத்தார். 1852இல் ஆறுமுக நாவலர் வெளியிட்ட பெரியபுராண வசனத்தின் வாயிலாக நம்மவர் பலரும் அதனை அறிவர். பாரதியார் அச்சிறு வரலாற்றை விரித்து, புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்தார். தில்லைக்குச் செல்ல விடைகேட்கும் பண்ணையாளை அவர் அதட்டுவார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்த பின்னரே போகலாம் என்பார். ஓரிரவில் பயிர் விளைந்து நிற்கக் கண்டதும், அவரே நந்தனாரை வணங்குவார்.

பாடல்களின் வேறுபாட்டிற்கு வித்து இங்கேதான் உள்ளது. ஆண்டையின் சினம், அடிமையின் பணிவு, சேரியாரின் அச்சம், அன்பரின் ஏக்கம் ஆகியன வேறுவேறு குரல்கள். அவற்றிற்கேற்பக் கீர்த்தனை, கண்ணி, சிந்து, நொண்டிச்சிந்து, இலாவணி, வெண்பா, கொச்சகம் எனப் பலவகை உருக்களை அவர் கையாண்டார். வேறுபாடு காட்டவேண்டும் என்பதற்காக அவர் இராகத்தை மாற்றவில்லை. பேசுகின்றவர் மாறினார், பேசும் நிலை மாறிற்று, ஆதலின் இசையும் மாறிற்று.

ஆயினும் இவை யாவும் ஒருவர் வாக்கே என்பது கேட்ட அளவில் விளங்கும். தமிழாசிரியன் கண்ணுக்குப் புலப்படும் அடையாளம் ஒன்றை மாணவர்க்குக் காட்டுவேன். அவருடைய புகழ்பெற்ற கீர்த்தனைகள் பலவற்றின் எடுப்பு, வினாப்பொருளில் வரும் ஓகாரத்தில் முடியும். மாஞ்சியில் அமைந்தது, அருகில் வருதற்கு இசைவு உண்டோ என்று வாயிலில் நின்று இறைஞ்சும் வினா. சாமாவில் அமைந்தது, வரந்தர இறைவன் எழுந்தருள்வானோ என்று கலங்கும் வினா. இக்காலத்தார் ஜோன்புரியில் பாடுவது, அவ்வருகை எந்நாளோ என்று ஏங்கும் வினா. கீரவாணியில் உள்ளதோ, இன்னமும் ஐயம் தகுமோ என்று இடித்துரைக்கும் வினா. இடைச்சொல் ஒன்றே, சுவையோ நான்கு. அவ்வோகாரத்தை நீட்டும் இசை ஒவ்வோரிடத்தும் வேறாதலின், கேட்போர்க்குச் சலிப்புத் தோன்றுவதில்லை.

இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அவர் அணுகினார். இலக்கண வழுக்கள் மலிந்தமையாலும், கதை சேக்கிழார் வாக்கினின்றும் விலகியமையாலும், பிள்ளையவர்கள் உடன்பட மனமின்றி நாள் கடத்தினார். பாரதியார் சலியாது பலமுறை சென்றார். ஒருநாள் பிள்ளையவர்கள் உறங்கி எழுமளவும் திண்ணையில் அமர்ந்து, தம் கீர்த்தனையை உருகிப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து கேட்ட புலவர் பெருமான் கண்ணீர் மல்கி எழுந்து வந்து பாயிரம் அளித்தார். இதனை டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுத்தால் அறிகின்றோம். ஐயரவர்களும் இளமையில் சிலகாலம் பாரதியாரிடம் இசை பயின்றவரே. இலக்கணம் கற்பிக்கும் எம்போல்வார் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது. வழு வழுவே; அதனை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் வழுவை எண்ணுகின்ற செவிக்கு உயிரைக் கேட்கவும் தெரிதல் வேண்டும்.

1861ஆம் ஆண்டளவில், காரைக்காலில் இருந்த சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரியின் உதவியால் நூல் அச்சேறியது. இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் ஆகியோர் சரித்திரங்களையும் பாடி, முதுமையெய்திப் பாரதியார் சிவபதம் அடைந்தார்.

அவர் மெட்டுக்கள் அவரோடு முடிந்தில. தேசிய எழுச்சிக் காலத்தில் சுப்பிரமணிய பாரதியார் அம்மெட்டுக்களிலே அரசியற் பாடல்கள் இயற்றினார். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் படங்களில் நந்தனாராகத் தோன்றினர். யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து அவ்வேடம் பூண்டு பாடக் கேட்டவர்கள் நம் பழைய மாணவருள்ளும் பலர் இருப்பர். மாஞ்சியில் எழுந்த அவ்வினா நம் மண்ணிலும் மேடையோடு நின்றுவிடவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் வேண்டி நின்றோர் கேட்டதும் அவ்வினாவே அன்றோ?

மாணவர்காள், வாணிவிழாவிற்கோ கலைவிழாவிற்கோ புதுப்பாட்டு இயற்ற முற்படும்போது, எந்த மெட்டு இப்பொழுது பெருவழக்கு என்று முதலிற் கேளாதீர்கள். இப்பாட்டிலே பேசுகின்றவர் யார், எந்நிலையில் நின்று பேசுகின்றார் என்று கேளுங்கள். அதனை உண்மையாக உணர்ந்தால் பாட்டுக்குப் பாட்டு வேறுபாடு தானே வரும். உணர்ந்தவர் நீங்களேயாதலின், உங்கள் பாணியும் உங்களை விட்டு நீங்காது.