மூதறிஞர் இராஜாஜியும் கைத்தறியும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, வேதியியல் மாணவி)

தமிழகம் ஈன்றெடுத்த பெருமக்களுள் மூதறிஞர் இராஜாஜியை அறியாதார் இலர். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்தவர்; இருமுறை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கியவர்; இராமாயண, பாரதக் கதைகளை எளிய தமிழில் வீடுதோறும் கொண்டு சேர்த்தவர். ஆயினும் பழைய சேலம் மாவட்டத்து மக்களாகிய நமக்கு அவர் இன்னொரு வகையில் நெருங்கியவர். இராட்டையையும் தறியையும் அவர் தம் பொதுவாழ்வின் நடுவே வைத்திருந்தார். அந்தப் பகுதியை மட்டும் இக்கட்டுரையில் எழுத முற்படுகின்றேன்.

நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவள் நான். அந்த முறையில் அவரிடம் எனக்கு நன்றியும் உண்டு. ஒரு கேள்வியும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே அப்பெரியாருக்குச் செய்யும் மரியாதை என எண்ணுகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் அவ்வூரின் முன்சீப்பாக இருந்தவர். கிராமப் பள்ளியில் தொடங்கிய கல்வி ஓசூரிலும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும், பின்னர் சென்னையில் சட்டப் படிப்பாகவும் தொடர்ந்தது. 1900ஆம் ஆண்டில் சேலத்திற்கு வந்து வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே பேரும் பொருளும் ஈட்டினார். நாற்பது வயது நிரம்புமுன்பே மனைவியை இழந்தார், மறுமணம் செய்துகொள்ளவில்லை.

வேதியியல் மாணவி என்ற முறையில் ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் இருக்க இயலவில்லை. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் நண்பர்களுடன் சேர்ந்து தமிழில் அறிவியல் கலைச்சொற்களை உருவாக்க ஒரு சங்கம் கண்டவர் இராஜாஜி. பிற்காலத்தில் 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலையும் எழுதினார். ஆங்கிலம் அறியாதவர்க்கும் அறிவியல் சென்று சேர வேண்டும் என்று நினைத்த உள்ளம் அது. இக்கட்டுரையின் பிற்பகுதியைப் படிக்கும்போது நண்பர்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அதே காலத்தில் ஈரோட்டு நகராட்சியில் தலைவராக விளங்கியவர் ஈ. வெ. ராமசாமி அவர்கள். இருவருக்கும் இடையே அந்நாளில் தொடங்கிய நட்பு, கொள்கையால் எதிரெதிர்த் திசைகளில் பிரிந்த பின்னரும் இறுதிவரை நீடித்தது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது இராஜாஜி வருவாய் மிக்க தம் தொழிலைத் துறந்து சிறை சென்றார்.

புதுப்பாளையத்து ஆசிரமம்

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தோன்றியது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அவ்வூரில், புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்த நிலத்தில், இராஜாஜி அதனை நிறுவினார். அதனைத் தொடங்கி வைத்தவர் அந்நாளில் கதர் மூட்டையைத் தாமே தோளில் சுமந்து விற்ற ஈ. வெ. ரா. அவர்களே. சேலத்தில் வசதியாக வாழ்ந்த வழக்கறிஞர் தம் பிள்ளைகளுடன் அங்கே எளிய குடிலில் குடியேறினார்.

அது மழை பொய்த்த வறண்ட பகுதி. வயலில் வேலை இல்லாத மாதங்களில் ஏழைப் பெண்களுக்கு வருவாய்க்கு வழி இல்லை. ஆசிரமம் அவர்களுக்குப் பஞ்சு கொடுத்தது. அவர்கள் வீட்டில் இராட்டையில் நூற்றுச் சிட்டங்களாகக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெற்றனர். அந்த நூல் நெசவாளரிடம் சென்றது, துணியாகித் திரும்பியது, கதராக விற்பனைக்குப் போயிற்று. கூலி சிறிதுதான். ஆனால் வேறு கூலியே இல்லாத வீட்டில் அந்தச் சில அணாக்கள் அடுப்பை எரிய வைத்தன.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலை செய்வதற்கு எளிதன்று. கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். பாவு ஓட்டும்போதே அறும். அச்சில் கோத்து நெய்யும்போது மீண்டும் அறும். ஒவ்வோர் இழையையும் பிணைத்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு நெய்யும் அளவு குறையும், கூலியும் குறையும். அதனால் ஆலை நூலில் பழகிய நெசவாளர் கதர் நூலைத் தொடத் தயங்குவர். நூற்கும் பெண்ணின் கை தேறினால்தான் நெய்பவருக்குச் சோறு. இந்த உண்மையைக் கதர் ஊழியர் ஒவ்வொருவரும் அனுபவத்தால் கற்க வேண்டியிருந்தது.

ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட குலத்தவரும் மற்றவரும் ஒன்றாக வாழ்ந்தனர். மதுவிலக்குப் பிரசாரத்திற்காக 1929இல் அங்கிருந்து 'விமோசனம்' என்னும் இதழ் வெளிவந்தது. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் கல்கி அதற்குத் துணை நின்றார். 1937இல் இராஜாஜி முதன்முறை ஆட்சிப் பொறுப்பேற்றதும், அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்திலேயே மதுவிலக்கைத் தொடங்கினார். வாரக் கூலி வாங்கும் நெசவாளர் வீட்டுப் பெண்கள் அதன் பயனை நன்கு அறிவர்.

கதரும் கைத்தறியும்

கதர் வேறு, கைத்தறி வேறு என்பதை நம்மில் பலர் அறியோம். நூலையும் கையால் நூற்று, துணியையும் கையால் நெய்வது கதர். ஆலையில் நூற்ற நூலைக் கையால் நெய்வது கைத்தறி. சேலத்துத் தெருக்களில் காலங்காலமாக ஓடிய தறிகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நூலைத் தருவதும் ஆலை. போட்டிக்கு நிற்பதும் ஆலை.

1952ஆம் ஆண்டு இராஜாஜி மீண்டும் முதலமைச்சரானபோது கைத்தறி நெசவாளர் பெருந்துன்பத்தில் இருந்தனர். துணி விலை சரிந்து, நெய்த சேலைகளும் வேட்டிகளும் வீடுகளில் தேங்கின. தறிகள் நின்றன. 1953இல் அறிஞர் அண்ணாவும் அவர்தம் இயக்கத்தாரும் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றனர். எதிர்க்கட்சியார் அவ்வாறு செய்த வேளையில், முதலமைச்சரான இராஜாஜி தில்லியுடன் வாதாடினார். வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும், ஆலைகள் மற்றத் துணிகளை நெய்துகொள்ளட்டும் என்பது அவர் கோரிக்கை.

கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவு அவை முன்பு நெய்ததில் நூற்றுக்கு 60 பங்காகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1953இல் ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு 3 தம்பிடி வீதம் தனி வரி விதித்து, அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட மத்திய அரசு சட்டம் செய்தது. இராஜாஜி மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1985இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சேலையும் வேட்டியும் அவ்வகைகளில் இடம் பெற்றன. விசைத்தறி பெருகிவிட்ட நாளில் அச்சட்டம் எவ்வளவு காத்தது என்பது வேறு செய்தி. அவர் கேட்டது நியாயமே என்பதை மட்டும் காலம் ஒப்புக்கொண்டது.

அரை நாள் பள்ளி

இனி, நான் முதலில் குறிப்பிட்ட கேள்விக்கு வருகின்றேன்.

1953ஆம் ஆண்டு இராஜாஜியின் அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுமுறையைப் புகுத்தியது. பிள்ளைகள் இரு பிரிவாகப் பள்ளிக்கு வருவர். ஒவ்வொரு பிரிவுக்கும் நாளொன்றுக்கு 3 மணி நேரம் படிப்பு. எஞ்சிய நேரத்தில் வீட்டில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், இருப்பதைக் கொண்டே இருமடங்கு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கலாம் என்பது அரசின் கணக்கு. கைத்தொழிலும் கல்வியே என்பது இராஜாஜியின் நம்பிக்கை. புதுப்பாளையத்தில் இராட்டையுடன் வாழ்ந்தவர்க்கு அந்த நம்பிக்கை இயல்பானதே.

எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டனர். ஆசிரமத்தைத் தொடங்கி வைத்த அதே பெரியார் எதிர்ப்பின் முன்னணியில் நின்றார். 1953 ஜூலையில் அத்திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் சட்டமன்றத்திற்கு வந்தபோது இருபுறமும் வாக்குகள் சமமாயின; அவைத் தலைவரின் ஒரு வாக்கால் அது தோற்றது. ஆயினும் திட்டத்தை நிறுத்தி வைத்து அறிஞர் குழு ஆராய வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. 1954 ஏப்ரலில் இராஜாஜி விலக, காமராசர் முதல்வரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

இதை நூல்களில் படித்தபோது எங்கள் வீடே என் கண்முன் வந்தது. சேர்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் முன்னோர் நெய்து வந்தனர். தறி ஓடாத காலம் நீண்டபோது என் தந்தையார் மலையேறி ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். நாள்தோறும் அங்கிருந்து பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி நான் கல்லூரிக்கு வருகின்றேன். என் பாட்டியார் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எந்த அரசும் அவரைப் பள்ளியிலிருந்து போகச் சொல்லவில்லை. அது திட்டம் கைவிடப்பட்டுச் சில ஆண்டுகள் சென்ற பிறகு நடந்தது. தறியில் அமர்ந்த தகப்பனாருக்குத் தார் சுற்றித் தர ஒரு கை வேண்டியிருந்தது. வீட்டில் மூத்த பெண் அவர்தாம். தார் தீர்ந்தால் நாடா நிற்கும். நாடா நின்றால் கூலி நிற்கும். அந்தக் கணக்குக்கு முன் பள்ளிக்கூடம் தோற்றது.

எனவே என் கேள்வி இதுதான். வறுமை தானாகவே பிள்ளையின் கையைப் பிடித்து இராட்டினத்தின் முன் உட்கார வைக்கிறது. அவ்வேளையில் அரசு எந்தப் பக்கம் நின்று இழுக்க வேண்டும்? நெசவாளன் மகள் நெசவு கற்பதில் இழிவில்லை. ஆனால் அவள் கற்க வேண்டிய தொழில் எது என்பதை அவள் பிறந்த வீடு முடிவு செய்யலாமா? வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை மாலையில் சட்டப் புத்தகத்தைப் பார்த்து வளரும். செருப்புத் தைப்பவர் பிள்ளை தோலைப் பார்த்து வளரும். அரை நாள் பள்ளி இருவருக்கும் ஒன்றே போலத் தோன்றினாலும், மறு அரை நாள் ஒன்றன்று. ஆலைக்கும் தறிக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வை அவ்வளவு தெளிவாகக் கண்ட இராஜாஜி, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் காணத் தவறினார் என்றே கருதுகின்றேன்.

அவருடைய நம்பிக்கையில் உண்மையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். என் தந்தையார் நூலுக்குச் சாயம் ஏற்றவும் அறிந்தவர். வாட் சாயத்தில் தோய்த்த சிட்டம் தொட்டியில் ஒரு நிறமாக இருக்கும். பிழிந்து காற்றில் விரித்தால் வேறு நிறமாக மாறும். எப்போது எடுக்க வேண்டும் என்பதை அவர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். ஹைட்ரோஸ் சாயத்தை ஒடுக்கி நீரில் கரைய வைக்கிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனை மீண்டும் கரையாததாக்கி இழைக்குள் நிறுத்திவிடுகிறது என்பதை நான் வகுப்பில் படித்தேன். வீட்டில் விளக்கியபோது, இத்தனை ஆண்டு இதைத்தான் செய்தோமா என்று அவர் வியந்தார். அவருடைய கண் எனக்கு வாய்க்கவில்லை. என் பாடம் அவருக்குக் கிட்டவில்லை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கைத்தொழிலையும் கல்வியையும் இணைக்க விரும்பிய இராஜாஜியின் எண்ணம் நல்லதே. முழு நாள் பள்ளியில், எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் எல்லாத் தொழிலையும் தொட்டுப் பழக அவர் வழி செய்திருந்தால், நாடு அவரை அதற்காகவும் வாழ்த்தியிருக்கும்.

நிறைவாக

1954இல் பாரத ரத்னா விருது பெற்ற இராஜாஜி, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி முதுமையிலும் ஓயாது உழைத்தார். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், 94ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவரது இறுதிச் சடங்கில் முதுமையால் தளர்ந்த பெரியார் கலங்கி அழுததை நாடே கண்டது. கொள்கையில் மாறுபட்டோர் ஒருவரை ஒருவர் எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதற்கு அதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

புதுப்பாளையத்தில் அவர் நட்ட ஆசிரமம் 2025இல் நூறாண்டைக் கடந்துள்ளது. திருச்செங்கோட்டுப் பக்கம் செல்லும் நண்பர்கள் ஒருமுறை அங்கே போய் வர வேண்டும். கைத்தறித் துணி வாங்கும்போது அதன் பின்னால் தார் சுற்றும் ஒரு கையும் உண்டு என்பதை எண்ண வேண்டும். அந்தக் கை ஒரு சிறுமியுடையதாக இருந்துவிடக் கூடாது என்பதையும் எண்ண வேண்டும். நெய்பவர்க்கு உரிய கூலி கிடைத்தால் அவர் பிள்ளை பள்ளிக்குச் செல்லும். படித்த பின் தறிக்குத் திரும்புவதா, வேறு வழி செல்வதா என்பதை அப்பிள்ளையே முடிவு செய்யட்டும். நெசவாளர்க்காக இராஜாஜி எழுப்பிய குரலை இவ்வழியில் நாம் தொடர்ந்தால், அவர் விட்ட குறையும் நிறைவுறும்.