புத்தகங் கட்டிய பரடே

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. மின்கலங்கள் வருவதும் தடைப்பட்டது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோவைக்கொண்டு வானொலி கேட்ட அக்காலத்தை என் வயதினர் மறந்திரார். எங்கள் வீட்டில் மிதி சுழற்றுவது என் கடமை. செய்தி கேட்பது ஐயாவின் கடமை. என் கை சோர்ந்தால் வானொலியின் குரலும் சோரும், ஐயா ஏசுவார். கை சோரக் குரல் ஏன் சோரவேண்டுமென்று நான் ஒருநாளேனும் கேட்டதில்லை. நன்னூலை நெட்டுருச் செய்துகொண்டிருந்த எனக்குப் பௌதிகவியல் பிறர் சொத்தாகவே தோன்றிற்று.

பல ஆண்டுகளின் பின் இக்கதையை வகுப்பிலே சொன்னபோது, மாணவி ஒருத்தி எழுந்து அதே கேள்வியைக் கேட்டாள். விடையறியாது விழித்தேன். அந்த வெட்கமே மைக்கேல் பரடேயின் வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது.

பரடே 1791ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி, இலண்டனின் தென்புறத்தே பிறந்தவர். தந்தையார் நோயுற்ற கொல்லர். 1801இல் தானிய விலை ஏறியபோது, கிழமைக்கு ஒரு பாணே சிறுவனின் பங்காயிற்று. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே அவர் கற்ற கல்வி. ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாகச் சேர்ந்து, 14ஆம் வயதிற் புத்தகங் கட்டும் தொழில் பயிலலானார். கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம்பற்றிய பகுதியைக் கண்டது அவ்வாறே.

1812இல், கடைக்கு வருவார் ஒருவர் கொடுத்த அனுமதிச் சீட்டினால், றோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் விஞ்ஞான நிலையத்தில் ஹம்பிரி டேவியின் விரிவுரைகள் நான்கைக் கேட்டார். கேட்டவற்றைப் படங்களோடு எழுதித் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சு மாதம் அந்நிலையத்து ஆய்வுகூடத்தில் உதவியாளரானார். டேவியோடு ஐரோப்பாவெங்கும் சென்றபோது, டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். 1824இல் றோயல் சொசைற்றியில் பரடே சேர்க்கப்பட்டபோது அதை எதிர்த்து நின்றவரும் டேவியே. மாணாக்கன் வளர்ச்சியைக் கண்டு ஆசிரியர் மனம் இவ்வாறு சுருங்குவதை நம்மிடையேயும் கண்டிருக்கிறேன்.

மின்னோட்டம் காந்தஊசியை அசைக்கும் என்பதை 1820இல் ஏர்ஸ்ரெட் காட்டியிருந்தார். அடுத்த ஆண்டிலேயே பரடே, மின்னோட்டமுள்ள கம்பியொன்றைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். இன்று நம் தலைமேற் சுழலும் மின்விசிறிக்கு அதுவே வித்து. மின்சாரத்தாற் காந்தம் உண்டாகுமாயின், காந்தத்தால் மின்சாரம் உண்டாகாதா? இவ்வினா அவரைப் பத்தாண்டு விடவில்லை. 1831 ஆகஸ்ட் 29இல், மெல்லிரும்பு வளையமொன்றின் இருபுறத்தும் தனித்தனியே செப்புக் கம்பி சுற்றினார். ஒரு சுருளை மின்கல அடுக்கோடு இணைத்த கணத்தில், மறு சுருளின் அருகிலிருந்த ஊசி துள்ளியது, உடனே அடங்கியது. இணைப்பை எடுத்தபோது மீண்டும் துள்ளியது. அவ்வளையமே இன்றைய மின்மாற்றிகளுக்கு மூதாதை. ஒக்டோபர் 17இல் காந்தச் சட்டமொன்றைச் சுருளினுள் நுழைத்தும் எடுத்தும் பார்த்தார். காந்தம் வாளா கிடக்கையில் ஒன்றுமில்லை, அசைகையில் மின்னோட்டம். அசைவு விரைந்தால் அதுவும் வலுக்கும், தளர்ந்தால் தளரும்.

ஐயாவின் வானொலி மங்கியதன் காரணம் இதுவே. பழைய இரும்புக் கடையொன்றில் வாங்கிய தைனமோவை வகுப்புக்குக் கொண்டுபோனேன். கேள்வி கேட்ட மாணவியே அதைக் கழற்றி, உள்ளே சுழலும் காந்தத்தையும் அதைச் சூழ்ந்த சுருளையும் மற்றவர்க்குக் காட்டினாள். லக்சபானாவில் விழும் நீர் செய்வதும், பெரிய அளவில், என் கை செய்த வேலையே.

தமிழாசிரியனாகிய எனக்குப் பரடேயின் வரலாற்றில் மிக இனித்த இடம் வேறொன்று. மின்பகுப்பை ஆராய்ந்தபோது புதுப்பொருள்களுக்குப் பெயர் வேண்டியிருந்தது. 1834இல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹியூவெல் என்னும் பேரறிஞரை நாடினார். கிரேக்க வேர்களிலிருந்து அனோட்டு, கதோட்டு, அயன் என்னும் சொற்கள் அவ்வாறு பிறந்தன; மேல்வழி, கீழ்வழி, செல்வது என்பன அவற்றின் பொருள். விஞ்ஞானி மொழியறிஞரிடம் சென்றார். மொழியறிஞரும் பொருளை விளங்கியபின்னரே சொல் கொடுத்தார். நம் கலைச்சொற் குழுக்களிலே இவ்விரு பகுதியாரும் ஒருவரையொருவர் ஐயுற்றே இருந்தால் சொல் எவ்வாறு பிறக்கும்?

பரடேக்கு உயர்கணிதம் தெரியாது. இரும்புத்தூள் காந்தத்தைச் சூழ்ந்து வளைந்து நிற்பதைப் பார்த்து, வெளியெங்கும் விசைக்கோடுகள் பரந்துள்ளன என்றார். கணிதர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மாக்ஸ்வெல் என்னும் இளைஞரே அக்கோடுகளைக் கணிதத்தில் அமைத்தார். அம்முடிபுகளை எளிய மொழியிலும் எழுதலாகாதா என்று 1857இல் முதியவரான பரடே அவருக்குக் கடிதமெழுதிக் கேட்டார். நானும் விஞ்ஞான ஆசிரியர்களை அவ்வாறே கேட்பதுண்டு. சிலர் சிரிப்பர், சிலர் எழுதித் தருவர்.

நத்தார் விடுமுறையிற் சிறுவர்க்கு அவர் செய்த விரிவுரைத் தொடர்கள் 19. மெழுகுதிரி ஒன்றையே கையில் வைத்துக்கொண்டு இரசாயனம் முழுவதையும் திறந்து காட்டினார். பிற்காலத்தில் நினைவு தளர்ந்தது. றோயல் சொசைற்றித் தலைமையை ஏற்க மறுத்தார். சேர் பட்டத்தையும் வேண்டாமென்றார். 1867 ஆகஸ்ட் 25இல் மறைந்தார். இலண்டன் ஹைகேற் மயானத்திலுள்ள அவர் கல்லறைக் கல்லிற் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன.