மந்திரம் துறந்த மந்திரவாதி

கிளிநொச்சி மாவட்டத்திலே, அக்கராயன் குளத்தை அண்டி அமைந்த ஊர் ஸ்கந்தபுரம். அவ்வூரிலும், அதனைச் சூழ்ந்த வன்னிப் பெருநிலத்தின் ஏனைய ஊர்களிலும், மந்திரமும் செய்வினையும் ஏட்டில் மட்டும் வாசித்தறியும் செய்திகள் அல்ல. குழந்தை இரவிற் கதறினால் நாவூறு என்பர். தண்ணீர் ஓதிக் கொடுப்பர். உச்சிவேளையில் காட்டோரம் போன பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டால் முனி அடித்தது என்பர், நூல் கட்டுவர். குடும்பம் நொடித்தால் பகைவர் வைத்த வைப்பு என்பர்; மந்திரவாதியை அழைத்து, உடுக்கு ஒலிக்க, முற்றத்து மண்ணைக் கிண்டி அந்த வைப்பை எடுப்பர். கழிப்புக் கழித்தபின் நோயாளி எழுந்து நடந்ததைக் கண்ணாற் கண்டோம் என்று சொல்வோர் ஊருக்குப் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. நோயாளி எழுந்து நடந்தது உண்மைதான். எதனால் நடந்தான் என்பதே வினா.

அந்த வினாவைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதிக்குத் தோழனாகக் கொண்டு, பேயையும் தெய்வத்தையும் வெளியே நிறுத்திவிட்டு, மந்திரவாதியின் தொழிலில் எஞ்சி நின்ற உண்மையை மட்டும் எடுத்துப் பிறர் துயர் தீர்த்தவர் ஆபிரகாம் தோமஸ் கோவூர்.

கோவூர் 1898 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள் கேரளத்துத் திருவல்லாவிலே பிறந்தவர். மார்த்தோமா சிரியன் திருச்சபையில் விகாரி ஜெனரல் என்னும் உயர்பதவி வகித்த கத்தனார் ஒருவரின் மைந்தர். வேதப் புத்தகம் கிடந்த வீட்டிலே, செபமே மூச்சாகக் கொண்ட சூழலிலே வளர்ந்த பிள்ளை, வளர்ந்தபின் எந்தத் தெய்வத்தையும் ஏற்காதவராய் மாறினார். உயர்கல்விக்காகக் கல்கத்தா சென்று, வங்கவாசிக் கல்லூரியில் தாவரவியலும் விலங்கியலும் பயின்றார். அவருடைய சகோதரர் பெகனான் கோவூர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்று, யோகத்தை அறிவியல் முறையில் ஆராய்ந்து 1937 இல் ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டார். மறைபொருள் என்று பிறர் கும்பிட்டு விலகும் இடத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நுழையும் துணிவு அந்தக் குடும்பத்துக்குப் பொதுவாய் இருந்தது போலும்.

கல்கத்தாக் காலத்து நிகழ்ச்சியொன்றை அவர் பிற்காலத்தில் விரும்பி நினைவுகூர்வார். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கங்கைத் தீர்த்தம் கொண்டுவருமாறு அயலவர் வேண்டியிருந்தனர். அந்நதி கல்கத்தாவில் எந்நிலையில் ஓடுகிறதென்பதைக் கண்ணுற்ற இளைஞருக்கு அதனை மொண்டுவர மனம் ஒப்பவில்லை. வழியிற் கிடைத்த சாதாரண நீரையே நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சில நாளில், அத்தீர்த்தத்தால் இன்ன நோய் தீர்ந்தது, இன்ன துன்பம் நீங்கிற்று என்று நன்றி சொல்ல ஆட்கள் வந்தனர். இதைச் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். குறும்புக்கார மாணவர் பலர் அவ்வாறே செய்திருப்பர். கோவூரோ அந்தச் சிரிப்புக்குள் ஒரு சிக்கலைக் கண்டார். நீரில் ஒன்றுமில்லை, ஆயினும் நோய் தீர்ந்தது. அப்படியாயின் தீர்த்தது நீரன்று, நீரைப் பற்றிய எண்ணம். பிற்காலத்துக் கோவூரின் முழு வரலாறும் அந்தக் குப்பிக்குள் அடங்கிக் கிடந்தது என்றாலும் மிகையன்று.

கேரளத்திற் சிலகாலம் கற்பித்தபின், 1920 களின் பிற்பகுதியில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். வெஸ்லியன் மிஷனரிமார் வளர்த்த கல்லூரி அது. அதிபர் காஷ் பாதிரியார், கத்தனாரின் மைந்தர் என்பது கருதியோ என்னவோ, தாவரவியலோடு வேதபாடத்தையும் கற்பிக்குமாறு பணித்தார். அவ்வாண்டுப் பரீட்சையில் வேதபாடத்தில் மாணவர் மிகச் சிறந்த பேறு பெற்றனர். ஆயினும், அடுத்த ஆண்டு கோவூரிடமிருந்து அப்பாடம் நீக்கப்பட்டது. காரணம் வினாவியபோது, பெறுபேறு நன்றே, ஆனால் மாணவர் எல்லாரும் விசுவாசத்தை இழந்துவிட்டனர் என்பதாக அதிபர் விடையிறுத்தாராம். ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனை ஊன்றி நோக்கவேண்டும். ஒரு பாடத்தை முழுமையாக, எழுத்துக்கு எழுத்துக் கற்பிப்பதே அதனை ஐயுறச் செய்யும் வழியாகவும் ஆகலாம் என்பது பாடவிதானம் வகுப்போர் எண்ணிப்பாராத விந்தை. அந்த அதிபரின் நேர்மையையும் சொல்லாமல் விடலாகாது. ஆசிரியரை அவர் வெளியேற்றவில்லை. பாடத்தை மட்டும் மாற்றினார்.

யாழ்ப்பாணத்தின்பின் காலி றிச்மண்ட் கல்லூரி, கல்கிசை பரி. தோமஸ் கல்லூரி, கொழும்பு தேர்ஸ்ரன் கல்லூரி ஆகியவற்றிற் கற்பித்து, 1959 இல் ஓய்வு பெற்றார். பெரும்பாலோர்க்கு ஓய்வூதியமும் சாய்மனைக் கதிரையுமாக வாழ்வு சுருங்கும் அந்த வயதிலேதான் கோவூரின் பெருவாழ்வு தொடங்கிற்று. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். பாமன்கடை ஒழுங்கையில் அமைந்த தம் இல்லத்துக்குப் பிறந்த ஊரின் பெயரையே சூட்டினார். பயணமோ புதுமனை புகுதலோ, எதனையும் பஞ்சாங்கம் விலக்கிய வேளையிற் செய்வதை வழக்கமாக்கிக் கொண்டார். பேய் உலவும் என்று ஒதுக்கப்பட்ட வீடுகளிலும் மயானங்களிலும் இரவு தங்கினார்.

இவற்றை மட்டும் நோக்குவோர் அவரை வீம்புக்காரர் என்பர். அவருடைய உண்மையான பணி வேறோரிடத்தில் நடந்தது. கூரைமேற் கல் விழும் வீடு, தானே தீப்பற்றும் துணி, உண்ணும் சோற்றிலே மண் என்று செய்தி வரும். அயலார் திரண்டிருப்பர், மந்திரவாதிகள் இருவர் மூவர் பணம் பெற்றுக்கொண்டு தோற்றுப் போயிருப்பர். கோவூர் போவார். கூரையை அண்ணாந்து பாரார். வீட்டில் உள்ளோரை ஒவ்வொருவராகத் தனியே இருத்தி, பொறுமையோடு உசாவுவார். கல் விழும்போது யார் எங்கே நின்றார், யார் இல்லாத நாளில் விழவில்லை, அண்மையில் அவ்வீட்டில் யாருக்கு என்ன துயர் நேர்ந்தது என்பனவே அவருடைய வினாக்கள். பெரும்பாலும் விடை ஓர் இளம்பெண்ணிடமோ சிறுவனிடமோ வேலைக்கு வந்த ஏழைப் பிள்ளையிடமோ போய் நிற்கும். வாய்திறந்து சொல்ல இயலாத துன்பம் கல்லாகவும் நெருப்பாகவும் வெளிப்பட்டிருக்கும். சிலவேளைகளில், தான் செய்வதைத் தானே அறியாத நிலையில் அப்பிள்ளை இருந்திருக்கும். கண்டுபிடித்ததை ஊரார் முன் பறைசாற்றி அப்பிள்ளையை அடிவாங்கச் செய்வது அவர் நோக்கமன்று. மனத்துயிலில் ஆழ்த்தி, இனி இந்த அச்சம் இல்லை, இந்தக் குரல் கேளாது என்று சொற்களால் மனத்திற் பதித்து, வீட்டாருக்கும் அறிவுரை கூறி மீள்வார்.

இவ்விடத்தில் மந்திரவாதியையும் கோவூரையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். மந்திரவாதி என்ன செய்கிறான்? இருளில் விளக்கேற்றுகிறான்; உடுக்கின் ஒரே சீரான ஒலியால் நோயாளியின் நினைவை ஒருமுகப்படுத்துகிறான்; சாம்பிராணிப் புகையால் மயக்குகிறான்; ஐயத்துக்கு இடமில்லாத குரலிலே, போய்விட்டது என்கிறான். கோவூரும் ஒருமுகப்படுத்தினார், ஐயமற்ற குரலிலே பேசினார். போனது பேயன்று, நோயாளியின் சொந்த அச்சமே என்பதை அறிந்து செய்தார் என்பதொன்றே வேறுபாடு. ஐரோப்பாவிலும் இந்த வித்தை இவ்வழியாகவே வந்தது. மெஸ்மர் என்னும் வைத்தியர் தம் உடலினின்று காந்தப்பாய்மம் ஒன்று பாய்ந்து நோய் தீர்ப்பதாகக் கூறினார். 1784 இல் பிரான்சிய மன்னன் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்கிளின் போன்றோர் இருந்த குழு, அத்தகைய பாய்மம் எதுவும் இல்லை, கற்பனையின் ஆற்றலே உண்டு என்று முடிவுகண்டது. பின்னர், 1840 களில், மான்செஸ்டர் நகரத்துச் சத்திரவைத்தியர் ஜேம்ஸ் பிறெய்ட் மனத்துயிலுக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைக் கொடுத்து, காந்தம் இன்றியே அதனைச் செய்து காட்டினார். எண்ணம் நோயைத் தீர்க்குமாயின் நோயைக் கொடுக்கவும் கூடும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் அறிஞர் வால்டர் கனன், சூனியம் வைக்கப்பட்டதாக நம்பியோர் அந்த அச்சத்தாலேயே உடல் தளர்ந்து மாளக்கூடும் என்பதை ஆராய்ந்து 1942 இல் கட்டுரை வரைந்தார். ஆகவே சூனியம் பலிக்கும் என்பாருக்கும் பலியாது என்பாருக்கும் சம அளவில் உண்மை உண்டு. நம்பியவனிடம் அது பலிக்கிறது. செம்புத் தகட்டிலும் எலுமிச்சங்காயிலும் ஒன்றுமில்லை. அஞ்சாதவராகிய கோவூர், தம்மேற் சூனியம் ஏவிக் கொன்று பாருங்கள் என்று மந்திரவாதிகளை வெளிப்படையாக அழைத்ததன் பொருள் இதுவே.

1963 இல் அவர் விடுத்த அறைகூவல் அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளின்கீழ் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபா பரிசு. உறையிலிட்டு முத்திரையிட்ட நாணயத்தாளின் இலக்கத்தைப் படித்தல், நீர்மேல் நடத்தல், ஐந்து நிமிடம் இதயத் துடிப்பை நிறுத்துதல், துண்டிக்கப்பட்ட உறுப்பைச் செபத்தால் ஓர் அங்குலமாவது வளரச் செய்தல், நீரைப் பெற்றோலாக மாற்றுதல் என்று பட்டியல் நீண்டது. சோதிடர்க்கும் அதில் இடமுண்டு. பிறந்த நேரமும் இடமும் நிமிடப் பிசகின்றிக் குறித்த பத்துச் சாதகங்களைக் கொண்டு, ஆண் எது, பெண் எது, உயிரோடிருப்பவர் யார், இறந்தவர் யார் என்று கூறிவிட்டாற் போதும். போட்டியிடுவோர் ஆயிரம் ரூபா முற்பணம் கட்டவேண்டும். வீண் விளம்பரம் தேடுவோரைத் தவிர்க்க அந்த ஏற்பாடு.

அப்பட்டியலில் நுணுக்கமான ஓரிடம் உண்டு. தணல்மேல் நடத்தலை அவர் கேட்கவில்லை. கொப்புளம் இன்றி அரை நிமிடம் அசையாமல் நிற்கவேண்டும் என்றே கேட்டார். ஏனெனில் விரைந்து நடத்தல் யார்க்கும் இயலும் என்பதை அவர் அறிவார். கொழும்பு மருத்துவபீடத்துப் பேராசிரியரும் பகுத்தறிவு இயக்கத்தவருமான கார்லோ பொன்சேகா 1970 களின் தொடக்கத்தில், விரதமும் பக்தியும் இல்லாதோரையும் தீமிதிக்கச் செய்து, அது பாதம் தணலிற் படும் கால அளவைப் பொறுத்த செயல் என்று காட்டினார். அற்புதத்தை மறுப்போன் அற்புதம் செய்வோனைக் காட்டிலும் நுட்பமாகத் தொழிலை அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

பரிசைக் கோவூரிடமிருந்து எவரும் வென்றிலர். 1970 களில் அவர் இந்தியாவெங்கும் சுற்றி, திருநீறு வரவழைத்தல் முதலிய வித்தைகளை மேடையிலே செய்து காட்டி, செய்யும் முறையையும் விளக்கினார். அவர் குறிப்பேட்டிற் கண்ட மனநோய் வரலாறொன்று 1972 இல் மலையாளத்தில் ‘புனர்ஜன்மம்’ என்றும், அடுத்த ஆண்டு தமிழில் ‘மறுபிறவி’ என்றும் திரைப்படமாயிற்று. 1976 இல் அவருடைய ஆங்கில நூலொன்று வெளிவந்து, பல இந்திய மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. பஞ்சாபில் அந்நூலின் தாக்கத்தாலேயே 1984 இல் பகுத்தறிவு இயக்கம் ஒன்று தோன்றிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த பிரேமானந்த், கோவூரின் மறைவுக்குப்பின் அதே அறைகூவலைத் தாமே ஏற்று, 2009 இல் இறக்கும்வரை நடத்தினார்.

இத்தனையும் சொன்னபின், குறையும் சொல்லவேண்டும். கோவூரின் எழுத்திற் சில பக்கங்கள் கடுமையானவை. அற்புதம் செய்வோர் ஒன்றில் ஏமாற்றுவோர், அன்றேல் மனநலம் குன்றியோர் என்று இரண்டே பெட்டிகளில் மனிதரை அடைத்துவிடுவார். மந்திரவாதியிடம் போகிறவனின் மனம் இவ்விரண்டிலும் அடங்காது. துப்பறியும் கதைபோல் அவர் தீட்டிய நோயாளர் வரலாறுகளில், முடிச்சு அவிழும் விரைவு வாழ்க்கையில் அத்தனை எளிதாய் வாய்ப்பதன்று.

வன்னியில் இருந்து பார்க்கும்போது இக்குறை பெரிதாகத் தெரிகிறது. 1990 களிலும் 2009 இலும் இடம்பெயர்வைக் கண்ட மண் இது. ஸ்கந்தபுரத்து வீதிகளிலும் ஒருகாலம் இடம்பெயர்ந்தோர் நெருங்கிக் கிடந்தனர். போருக்குப்பின், காணாமற்போன மகனைத் தேடும் தாய்மார் அலுவலகம் தோறும் மனுக் கொடுத்து, பதில் வராத நாளிலே சாத்திரம் கேட்கவும் கட்டுக் கேட்கவும் போனதை இங்கு அறியாதார் இல்லை. உயிரோடு இருக்கிறான், மேற்குத் திசையில் இருக்கிறான் என்று ஒரு குரல் சொல்லும். தாய் ஒரு திங்கள் உயிர்தரித்திருப்பாள். மீண்டும் பணம் தேடிக்கொண்டு போவாள். பத்துச் சாதகத்தில் இறந்தவர் யார் என்று சோதிடர் சொல்லட்டும் என்ற கோவூரின் சோதனை, இந்தத் தாயின்முன் எத்துணை கூர்மையாகவும் எத்துணை கொடுமையாகவும் ஆகிவிடுகிறது! சோதிடனால் அறிய இயலாது என்பது மெய். அப்படியாயின் அறிந்து சொல்லவேண்டியவர் யார் என்று அவள் திருப்பிக் கேட்டால், பகுத்தறிவாளர் அவளுக்குப் பக்கத்தில் நின்று அதே வினாவை உரியவரிடம் கேட்கவேண்டும். அவளை மூடநம்பிக்கைக்காரி என்று ஏசிவிட்டுப் போகலாகாது. கோவூரிடமே இதற்கு முன்மாதிரி உண்டு. மேடைக் கோவூரிடம் அன்று. கல் விழும் வீட்டிலே, அஞ்சி ஒடுங்கிய பிள்ளையைத் தனியே இருத்தி, முழுத் துயரையும் கேட்டு முடித்தபின்னரே வாய்திறந்த கோவூரிடம்.

மனைவியார் அக்கா கோவூர் 1974 இல் மறைந்தார். நான்காண்டு கழித்து, 1978 செப்டெம்பர் 18 ஆம் நாள், எண்பதாம் வயதில், கோவூர் கொழும்பிலே காலமானார். சடங்கு எதுவும் வேண்டாமென்று முன்னரே பணித்திருந்தார். கண்கள் கண்வங்கிக்கும், உடல் மருத்துவ மாணவரின் உடற்கூற்றுப் பயிற்சிக்கும், எஞ்சும் எலும்புக்கூடு தாம் இறுதியாகக் கற்பித்த தேர்ஸ்ரன் கல்லூரியின் விஞ்ஞான கூடத்துக்கும் சேரவேண்டும் என்பது அவருடைய விருப்பம்.