செய்மதிக்கு வானில் இடம் குறித்தவர்: ஆதர் சி. கிளார்க்

யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரைகளில் உள்ள டிஷ் அன்ரனாக்கள் வானில் ஒரு புள்ளியை நோக்கியபடி அசையாது நிற்கின்றன. அந்தப் புள்ளியில் ஒரு செய்மதி நிலையாக நிற்பதே இதற்குக் காரணம். இந்த ஏற்பாட்டைக் கணித்து உலகறியச் செய்தவர் ஆதர் சி. கிளார்க் ஆவார்.

இவர் 1917 டிசெம்பர் 16 இல் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் பல்கலைக்கழகம் செல்ல வசதியின்றி, இலண்டனில் அரச கணக்காய்வுப் பணியிற் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையின் ராடார் பிரிவிற் கடமையாற்றினார். போரின் பின்னரே கிங்ஸ் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் கற்று முதல் வகுப்பிற் சித்தியெய்தினார்.

பட்டம் பெறுமுன்பே, 1945 ஒக்டோபரில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, பூமி தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். ஆகவே அது நமக்கு நிலையாக நிற்பதுபோலத் தோன்றும். இத்தகைய மூன்று செய்மதிகள் ஏறத்தாழ உலகம் முழுவதற்கும் போதுமென அவர் காட்டினார். அவற்றில் மனிதர் தங்கிப் பணிபுரிய வேண்டியிருக்கும் என அவர் எண்ணினார், அது தேவைப்படவில்லை. ஆனால் 1964 இல் சின்கொம் 3 செய்மதி தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது அவருடைய கணிப்பு மெய்யாயிற்று.

கிளார்க் 1956 இல் இலங்கையிற் குடியேறினார். சுழியோடியான அவர், திருகோணமலைக் கடலடியிற் பழைய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார். 1975 இல் இந்தியப் பொறியியலாளர் அவருடைய கொழும்பு வீட்டிற் செய்மதி அன்ரனாவை நிறுவினர். 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராக விளங்கினார். பிற்காலத்திற் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்தபோதும் எழுத்தைக் கைவிடவில்லை.

செய்மதி ஓரிடத்தில் நிற்பதில் நன்மையோடு ஒரு குறையும் உண்டு. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டெம்பர் காலங்களில் சூரியன் மத்திய கோட்டைக் கடக்கிறது. அப்போது சில நாட்களுக்கு, நாளொன்றுக்குச் சில நிமிடங்கள், அன்ரனா நோக்கும் செய்மதிக்கு நேர் பின்னால் சூரியன் வருகிறது. சூரியனின் வானொலி இரைச்சல் செய்மதியின் மெல்லிய சைகையை மூழ்கடிக்கிறது. படம் சிதறுகிறது அல்லது மறைகிறது. இது அன்ரனாவின் பழுதன்று. சூரியன் விலகியதும் படம் தானாகவே திரும்பும்.

கிளார்க் 2008 மார்ச் 19 இல், அத்தகைய ஒரு காலத்திலேயே, கொழும்பிற் காலமானார். இன்று தொலைக்காட்சி இணையத்தின் வழியாகவும் வருகிறது. தாழ்ந்த பாதையில் விரைந்து நகரும் ஆயிரக்கணக்கான செய்மதிகளும் பயன்படுகின்றன. டிஷ் அன்ரனாவின் தேவை குறையலாம். எனினும், வசதியற்ற ஓர் இளைஞர் தாளிற் போட்ட கணக்கு வானுக்கே எல்லை குறித்தது என்பதை மாணவர் மறத்தலாகாது. அவர் குறித்த பாதை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பயிற்சி வினாக்கள்
1. புவிநிலைச் செய்மதி நிலையாக நிற்பதுபோலத் தோன்றுவது ஏன்?
2. சூரியக் குறுக்கீடு ஆண்டில் இருமுறை ஏற்படுவதற்குரிய காரணத்தை விளக்குக.
3. கிளார்க்கின் வாழ்விலிருந்து மாணவர் கற்கத்தக்க இரண்டு பண்புகளைக் குறிப்பிடுக.