28 பவுனில் நின்ற உக்கிராணக்காரன்

ஜான் வெஸ்லி என்றதும் குதிரை மேல் ஏறி ஊர் ஊராய்ப் போய் பிரசங்கித்த ஊழியக்காரர் நம் ஞாபகத்துக்கு வருவார். அவருடைய பணப்பையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தப் பணப்பையையும் அவர் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருந்தார்!

1703-ல் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில், ஒரு போதகர் வீட்டில் வெஸ்லி பிறந்தார். பெரிய குடும்பம், கையில் காசு தங்காத வீடு. 1705-ல் தகப்பனார் கடனுக்காக லிங்கன் சிறையிலேயே அடைக்கப்பட்டார். ஆகவே வறுமை என்னவென்று வெஸ்லிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1726-ல் ஆக்ஸ்போர்டில் நல்ல உத்தியோகம் கிடைத்தது. அந்நாட்களில் ஒரு குளிர்காலத்தில், அவரும் நண்பர்களும் படிக்க வைத்த ஏழைப் பெண் ஒருத்தி அவரைப் பார்க்க வந்தாள். மெல்லிய துணி ஒன்றைத் தவிர அவள் மேல் வேறொன்றும் இல்லை. கொடுக்கலாம் என்று பையில் கைவிட்டார். பணம் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. தன் அறைச் சுவரை அலங்கரித்த பணம் இந்தப் பிள்ளையின் குளிரைப் போக்கியிருக்குமே என்று அவர் இருதயம் குத்தப்பட்டது. எஜமான் கணக்குக் கேட்டால் என்ன சொல்லுவேன் என்று கலங்கினார்.

பிற்காலத்தில் ஒரு பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல் ஒரு வாலிபனின் கணக்கை அவர் எடுத்துச் சொன்னார். அந்த வாலிபன் அவரேதான் என்று சரித்திரக்காரர்கள் கொள்ளுகிறார்கள். முதல் வருஷம் வருமானம் 30 பவுன். 28-ல் வாழ்ந்து 2 பவுன் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. அதே 28-ல் வாழ்ந்து 32 கொடுத்தார். மூன்றாம் வருஷம் 90 வந்தது, 62 கொடுத்தார். நான்காம் வருஷம் 120 வந்தது, 92 கொடுத்தார். வரவு நாலு மடங்கு ஆச்சு, செலவு அங்கேயே நின்னுது!

நம்ம வீட்டுக் கணக்கு எப்படிப் போகுது? சம்பளம் கூடினா வாடகை கூடுது, துணிமணி கூடுது, புதுசா ஒரு தவணையும் சேருது. காணிக்கை மட்டும் பழைய இடத்திலேயே நிக்குது. அப்படித்தானே?

1738 மே 24-ந் தேதி லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் கர்த்தர் அவரைச் சந்தித்தார். அதன்பின் கொடுக்கிற கை இன்னும் விரிந்தது. 1746-ல் லண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்துசாலை ஆரம்பித்தார். அதே வருஷம் 30 பவுன் 16 ஷில்லிங் வசூலித்து ஒரு கடன் நிதியும் வைத்தார். ஒருவருக்கு ஒரு தடவைக்கு 20 ஷில்லிங்தான். வாராவாரம் கட்டி மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அந்தச் சிறிய தொகையே சுற்றிச் சுற்றி வந்து, பதினெட்டு மாதத்தில் 255 பேருக்கு உதவியது. பிந்திய நாட்களில் இப்படிக் கடன் வாங்கிய ஒருவர் ஜேம்ஸ் லேக்கிங்டன். 1775-ல் 5 பவுன் பெற்று, லண்டனில் பெரிய புத்தக வியாபாரியாக எழும்பினார்.

டீயைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. சரீர நலத்துக்காகவும், மிச்சமாகும் காசு ஏழைகளுக்குப் போகட்டும் என்றும், 1746-ல் 26 வருஷப் பழக்கத்தை நிறுத்தினார். மூன்று நாள் தலைவலியும் தூக்க மயக்கமுமாய் அவதிப்பட்டு, ஜெபித்து ஜெயம் எடுத்தார். பல வருஷம் கழித்து வைத்தியர் சொன்ன பிறகுதான் மறுபடி குடித்தார்.

மலிவு விலையில் அவர் அச்சிட்ட புத்தகங்கள் ஏராளமாய் விற்றுப் பணம் குவிந்தது. 1776-ல் வரி அதிகாரிகளுக்குச் சந்தேகம்: இவரிடம் வெள்ளிப் பாத்திரங்கள் இருக்குமே! லண்டனில் இரண்டு வெள்ளி ஸ்பூன், பிரிஸ்டலில் இரண்டு, அவ்வளவுதான் என்று பதில் எழுதினார். சுற்றிலும் இத்தனை பேர் அப்பமில்லாமல் இருக்கையில் இனி வாங்கப் போவதில்லை என்றும் தெரிவித்தார்.

1785 ஜனவரியில் அவருக்கு வயது 81. ஏழைகளுக்குத் துணி வாங்க, உருகும் பனி கணுக்கால் வரை நிற்கும் லண்டன் தெருக்களில் ஐந்து நாள் நடந்து, கையேந்தி 200 பவுன் சேர்த்தார். அதன் முடிவில் வியாதிப்பட்டும் போனார்.

ஆனாலும் கடைசி வருஷங்களில் அவரை ஒரு பாரம் அழுத்தியது. இரட்சிக்கப்பட்ட ஜனங்கள் குடியை விட்டார்கள், உழைத்தார்கள், சிக்கனமாய் வாழ்ந்தார்கள், ஐசுவரியவான்களும் ஆனார்கள். ஆனால் அவர் போதித்த மூன்று காரியங்களில் நேர்மையாய்ச் சம்பாதிப்பதையும் மிச்சம் பிடிப்பதையும் பிடித்துக்கொண்டு, கொடுப்பதை விட்டுவிட்டார்கள். இப்படிப் போனால் எழுப்புதலின் அக்கினி அவிந்துபோகுமே என்று கண்டித்துப் பிரசங்கித்தார். எழுப்புதல் கொண்டுவந்த ஆசீர்வாதமே எழுப்புதலுக்குக் கண்ணியாகிவிடலாம், ஜாக்கிரதை!

1791 மார்ச் 2-ந் தேதி, 87-ம் வயதில் வெஸ்லி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆடம்பரம் வேண்டாம், ஆறு ஏழைகள் தன் சரீரத்தைச் சுமக்கட்டும், ஆளுக்கு 20 ஷில்லிங் கொடுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.

தேவனுடைய பிள்ளைகளே, 28 பவுன் என்பது வெஸ்லியின் அளவு. உங்க வீட்டுக்குப் போதுமானது எவ்வளவு? அடுத்த இன்க்ரிமென்ட் வருவதற்கு முன்னாலேயே, புருஷனும் மனைவியும் முழங்காலில் நின்று ஒரு நோட்டில் அதை எழுதுங்கள். கூட வருகிறது யாருக்கு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சபையில் ஒரு விதவையோ, பீஸ் கட்ட முடியாத ஒரு பிள்ளையோ அந்த வரிக்காகக் காத்திருக்கலாம். உண்மையுள்ள உக்கிராணக்காரராய் நிலைத்திருக்க ஆண்டவர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.