முள்ளைத் தொடாமல் நகர்த்தியவர்

பாலிடெக்னிக் மாணவர்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நமக்கெல்லாம், 1803-ல் பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்த ஒரு மாணவரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். பெயர் பிரான்சுவா அராகோ. ஆட்டோமொபைல் பிரிவில் படிக்கும் நான், பழைய ஸ்கூட்டரின் ஸ்பீடோமீட்டரைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் இவரைத் தேடிப் போனேன்.

முன்சக்கரத்திலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தின் மேல் கவிழ்த்தாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம். அதனுடன் முள்ளும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கும். காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை; நடுவில் காற்றுதான்! அலுமினியம் காந்தத்தில் ஒட்டவும் ஒட்டாது. அப்புறம் முள் எப்படிங்க நகருது?

விடை அராகோவின் வாழ்க்கையில் இருக்கிறது. 1786 பிப்ரவரி 26-ல் தெற்குப் பிரான்சின் எஸ்தாஜெல் என்ற ஊரில் பிறந்தார். இருபதாவது வயதில் பூமியின் தீர்க்கரேகையை அளக்க ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டார். 1808-ல் போர் மூண்டது. மயோர்க்கா தீவில், மலைமேல் அவர் ஏற்றிய அளவை விளக்குகளை ஒற்றன் காட்டும் சைகை என்று மக்கள் சந்தேகித்தார்கள். சிறை, தப்பித்தல், கடலில் மீண்டும் பிடிபடுதல், அல்ஜீரியா என்று ஓராண்டு அலைந்து 1809-ல் ஊர் திரும்பினார். இத்தனை அலைச்சலிலும் அளவுக் குறிப்புகளை மட்டும் தொலைக்கவில்லை! அதே ஆண்டு, 23 வயதில், பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார்.

1824-ல் கம்பே என்ற கருவி செய்யும் தொழிலாளி ஒரு விஷயத்தைக் கவனித்தார். செம்புக்கு அருகில் ஆடும் காந்த ஊசி சீக்கிரமே ஆட்டம் நின்றுவிடுகிறது. அராகோ அதை விடவில்லை. செம்புத் தட்டைச் சுற்றிப் பார்த்தார். மேலே தொங்கிய ஊசி தொடாமலே கூடச் சுற்றியது! காரணம் அவருக்கும் புரியவில்லை. ஆனாலும் கண்டதைக் கண்டபடி வெளியிட்டார். 1825-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது. 1831-ல் ஃபாரடே காரணம் சொன்னார்: காந்தமோ உலோகமோ நகரும்போது உலோகத்துக்குள் மின்னோட்டம் பிறக்கிறது, அதுதான் இழுக்கிறது. 1902-ல் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்சே இதே தத்துவத்தில் வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார்.

இது தெரிந்த பின் ரிப்பேர் வேலையே சுலபமாகிவிட்டது. காந்தம் வலுவிழந்தால் இழுவை குறையும், முள் குறைவாகக் காட்டும். கேபிள் காய்ந்தோ மடங்கியோ இருந்தால் முள் நடுங்கும். கிரீஸ் அதிகமாகி மேலே ஏறினால் கிண்ணம் ஒட்டிக்கொள்ளும். கிலோமீட்டருக்கு 1000 சுற்று என்று குறித்த மீட்டரா? டிரில்லிங் மெஷினில் மாட்டி, சரியான திசையில் நிமிடத்துக்கு 1000 சுற்று கொடுங்கள். முள் 60-ல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஸ்பிரிங்கைத் திருத்தலாம்.

அராகோ ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 1848-ல் அமைச்சரானபோது, பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழித்த ஆணையில் அவருக்கும் பங்குண்டு. 1852-ல் லூயி நெப்போலியனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்து நின்றவரை அரசு தொடவில்லை.

ஒளி காற்றில் வேகமா, தண்ணீரில் வேகமா என்பதைச் சுழலும் கண்ணாடியால் கண்டறியலாம் என்று 1838-லேயே வழி சொன்னவர் அவர். பார்வை மங்கியதால் அந்தச் சோதனையை இளைஞர்களிடம் விட்டுவிட்டார். 1850-ல் ஃபூக்கோவும் ஃபிஸோவும் அதை முடித்துக் காட்டினார்கள். 1853 அக்டோபர் 2-ல் அராகோ மறைந்தார்.

தொழிலாளி கவனித்தார், அராகோ சோதித்தார், ஃபாரடே விளக்கினார், ஷுல்ட்சே கருவியாக்கினார். நண்பர்களே, லேபில் விடைக்குப் பொருந்தாத ரீடிங் வந்தால் பக்கத்து நோட்டைப் பார்த்துத் திருத்தாதீங்க. வந்ததை வந்தபடி எழுதுங்கள். இன்று நமக்குப் புரியாதது நாளை இன்னொருவருக்குப் புரியும்.