ஒரு ரூபாய்ச் சம்பளமும் உயர் நீதிமன்ற நாற்காலியும்

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு)

நீதிமன்றம் என்றாலே நம் பக்கத்து மக்களுக்கு ஒருவித அச்சம் உண்டு. வாய்தா, வக்கீல், முத்திரைத்தாள் என்று அலைந்தவர்களின் கதைகளைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். பொன்னேரிக் கோர்ட்டு வாசலில் காத்து நிற்கும் எளியவருக்கு, உள்ளே இருக்கும் சட்டம் தமக்கும் உரியதுதானா என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தம் செயலால் விடை கூறியவர் சர் தி. முத்துசாமி ஐயர்.

1832ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தைக் காக்கக் கிராமக் கணக்கரிடம் உதவியாளாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் ஒரு ரூபாய்! நிலமும் வரியும் ஏட்டில் ஏறும் இடம் அது. பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவி 1980இல் தமிழகத்தில் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக நான் முதலில் போய் நின்றதும் அவர் அலுவலகத்தில்தான். ஆகவே, அரசாங்கத்தின் அடிப்படிக்கட்டு எது என்பதை நான் அறிவேன்.

ஒருமுறை ஆற்றங்கரை உடைந்த செய்தி வந்தது. விவரம் அறிந்துவரச் சென்ற சிறுவன் முத்துசாமி, சேதத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டுச் சொன்னான். வியந்த தாசில்தார் முத்துசாமி நாயக்கர் அவனைப் படிக்க வைத்தார். நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியிலும், பிறகு சென்னையிலும் கல்வி தொடர்ந்தது. 1854இல் கட்டுரைப் போட்டியில் ஐந்நூறு ரூபாய்ப் பரிசு பெற்றார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வறியவர்தாம், ஆனால், அவர் பிறந்த குலத்திற்கு எழுத்து அயலானதன்று. அன்று எங்கள் முன்னோருக்குக் கணக்கரின் திண்ணைகூடத் திறந்திருக்கவில்லை. அவர் பெருமையைக் குறைக்க இதை நான் கூறவில்லை. திறமை மட்டும் போதாது, கதவும் திறக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறேன்.

வக்கீல் தேர்வில் தேறி, 1859இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். 1868இல் சென்னைப் போலீஸ் மாஜிஸ்திரேட் ஆனார். அங்கேதான் அவரது நெஞ்சுறுதி சோதிக்கப்பட்டது. ஐரோப்பியரான உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், இந்தியர் ஒருவரை அடித்ததாக வழக்கு வந்தது. முத்துசாமி ஐயர் தயங்காமல் சம்மன் அனுப்பினார். நேரில் வர வேண்டியதில்லை என்று விட்டுவிடுமாறு மேலிருந்து யோசனை வந்தும் அவர் இணங்கவில்லை. நீதிபதி வந்து நின்றார். மூன்று ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. தொகை சிறிது, அது நிலைநாட்டிய நெறி பெரிது!

வல்லரசுகளுக்கும் இந்நெறியே அளவுகோல். அமெரிக்காவில் உச்ச நீதிமன்ற நீதிபதியின் பெயரைக் குடியரசுத் தலைவர் முன்மொழிவார். செனட் சபை ஒப்புதல் தரும். பதவியேற்றபின், பாராளுமன்றக் குற்றவிசாரணை வழியாகவன்றி அவரை நீக்க இயலாது. 1974இல் தலைவர் நிக்சன் ஒலிநாடாக்களை ஒப்படைக்க மறுத்தபோது, அவற்றைத் தந்தே ஆகவேண்டுமென எட்டு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவர்களுள் மூவர் நிக்சனே நியமித்தவர்கள். நியமித்தவருக்குக் கடமைப்பட வேண்டியதில்லை என்ற பாதுகாப்பு அவர்களுக்கு இருந்தது. அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லாத மாஜிஸ்திரேட்டாக, அயலார் ஆட்சியில், முத்துசாமி ஐயர் சம்மன் அனுப்பினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பணியில் இருந்தபடியே பி.எல். பட்டமும் பெற்றார். ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியானார். 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்ற இடங்களுள் மூன்றில் ஒரு பங்கு பாரிஸ்டர்களுக்கும், மற்றொரு பங்கு சிவில் சர்வீஸ்காரர்களுக்கும் உரியவை. இவரோ இரண்டும் அல்லர். கீழ்நீதிமன்றங்களில் ஐந்தாண்டு நீதிபதியாய் இருந்தவரும் வரலாம் என்ற வழியே இவருக்கு உதவியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதனைக் கண்டித்து எழுதின. அவற்றுக்கு மறுமொழி கூறவே ஆறு இளைஞர்கள் 1878 செப்டம்பர் 20ஆம் நாள் இந்து பத்திரிகையைத் தொடங்கினர். 1893இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்த அவர், 1895 ஜனவரி 25ஆம் நாள் மறைந்தார். உயர் நீதிமன்றத்தில் இன்றும் அவரது சலவைக்கல் சிலை இருக்கிறது.

தெருவிளக்கில் படித்தவர் என்றே அவரைப் பள்ளியில் நமக்கு அறிமுகம் செய்கிறார்கள். அந்த விளக்கைவிட, அவர் கையொப்பமிட்ட சம்மனையே நான் பெரிதாக மதிக்கிறேன். நம்மில் பலர் நாளை தேர்வெழுதி அரசு அலுவலகங்களில் எழுத்தராகவோ அலுவலராகவோ அமரப் போகிறோம். வலியவருக்கு ஒரு சட்டம், எளியவருக்கு ஒரு சட்டம் என்று கோப்பு நகரும் நாள் வரும். அன்று நம் பேனா எந்தப் பக்கம் சாயும் என்பதே நாம் பெற்ற பட்டத்திற்கான தேர்வு. அதற்கு விடைத்தாள் திருத்துபவர், மேசைக்கு முன்னே மனுவுடன் நிற்கும் எளியவரே!